நாற்பது மூட்டை

வாலாஜா ரோடு ஸ்டேஷனில்
கூட்ஸ் வண்டியிலிருந்து இறங்கிய பட்டை மூட்டைகளை
எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான்.
எத்திராஜுலு, டெஸ்பாட்ச் கிளார்க்,
ஹயாத் பாஷா அண்ட் சன்ஸ், ராணிப்பேட்டை.
நாற்பது. அதில் இரண்டு கிழிசல்.

சாக்கின் மேல் முன்பெல்லாம் ஒரு கிரீடம் இருக்கும்.
இந்தத் தடவை அதன்மேல் கருப்பு மை.
பக்கத்தில் கென்யா என்று
எழுத்துப் பழகும் பிள்ளையின் கோணலில்.
எங்கள் தாலுகா ஆபீஸ் பீரோவிலும்
கிரீடத்தின் மேல் ஒரு கோட் பெயின்ட்தான் அடித்தார்கள்.
பத்தொன்பது வருஷத்தில் உரிந்து உரிந்து
இப்போது மறுபடி தெரிகிறது.

கலவை, திமிரிக் கரம்புகளில்
ஆவாரையை வெட்டி முடித்தாயிற்று.
கடல் தாண்டி வந்த பட்டையில்தான்
எங்கள் மாட்டுத்தோல் சிவக்கிறது.
அவர்கள் மரம், எங்கள் மாடு,
விலை மட்டும் லண்டனில்.

ஜூன் மாசம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
ரூபாய் இறங்கிவிட்டதாக ரேடியோ சொன்னது.
திங்கட்கிழமை காலை முதலாளி
ஆற்காட்டு மக்கன்பேடா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்.
பவுனுக்குப் பதிமூன்று வந்த இடத்தில் இருபத்தொன்று!
வியாழக்கிழமை தந்தி வந்தது.
உங்கள் ரூபாய் குறைந்ததால்
எங்கள் விலையையும் குறைக்கவும்.
தந்தியில் வார்த்தைக்குக் காசு,
அதனால் தயவுசெய்து இல்லை.
அதே வாரம் பட்டை பில்லும் வந்தது, அதுவும் பவுனில்.
நூறு இருந்த இடத்தில் நூற்றைம்பத்தேழு.
பேடா தின்ற கையைக் கழுவியிருந்தேன்,
நெய் வாசனை போகவில்லை.

சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்றபடி
கன்னியப்பன் கேட்டான்:
"ரூபா எறங்கிடுச்சாமே சார்,
எந்தத் தொட்டில?"

சின்ன முதலாளி நஸ்ருல்லாவுக்கு ஒரு ஆசை.
தோலாக அனுப்பாமல் செருப்பாக அனுப்ப வேண்டும்.
அதற்கு ஒரு மெஷின்.
மெஷினுக்கு லைசென்ஸ்.
லைசென்ஸுக்கு அந்நியச் செலாவணி.
செலாவணி வேண்டுமா, அனுப்பு தோலை,
என்றது டெல்லி.
ஆறு நகல் அடித்தேன், கார்பன் தாளில்.
ஆறாவதில் என் எழுத்து
பாலாற்றுத் தண்ணீர் மாதிரி,
இருக்கிறது என்று நம்பினால் இருந்தது.
பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.
நான்காம் பத்தியில் தொழிலின் தன்மை விளங்கவில்லையாம்.
நஸ்ருல்லா சிரித்தார். பிறகு அந்தக் கவரைப் பிரித்து
உள்பக்கத்தில் ஒரு பாதத்தின் அளவு வரைந்தார்.
கன்னியப்பனைக் கூப்பிட்டு நிற்க வைத்து எடுத்த அளவு.
இரண்டு விரலில் நகம் இல்லை,
வரைபடத்தில் அது தெரியாது.

கிழிந்த மூட்டையைச் சொல்ல மறந்தேன்.
பட்டைத் தூளுக்குள் ஒரு துண்டுக் காகிதம்.
பென்சிலால் நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
எட்டுக் கட்டு, நாற்பது.
நான் எண்ணுவதும் அப்படியேதான்.
கடைசிக் கட்டின் பக்கத்தில்
அவனோ அவளோ
பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.
களைப்பாக இருக்கலாம்.
யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

அதன் பின்பக்கம் எழுதினேன்:
நாற்பதும் வந்து சேர்ந்தன. இரண்டு கிழிசல்.
இங்கேயும் மழை இல்லை.
உங்கள் பீரோவில் பெயின்ட் எப்படி?

அனுப்புவதற்கு விலாசம் இல்லை.
எங்கள் கடிதமெல்லாம்
லண்டன் கம்பெனி வழியாகத்தான் போகும்.
அவர்கள் கோப்பில் இதற்கு ஒரு பத்தி இருக்காது.

லெட்ஜரில் வைத்து மூடினேன்.
வெளியே கன்னியப்பன்
முப்பத்தெட்டு முழு மூட்டையும் இரண்டு கிழிசலும்
தொட்டியில் கொட்டிக் கழியால் கிளறினான்.
தண்ணீர் முதலில் டீ நிறம்,
அப்புறம் பழைய ரத்தத்தின் நிறம்,
அப்புறம் எதன் அடியில் என்ன கிடக்கிறது என்று
யாருக்கும் தெரியாத நிறம்.